வழித்துணை

தமிழ்நாட்டின் பழைய சாலைகளில் நடந்து பழகியவர்கள், ஊருக்கு வெளியே மரநிழலில், ஆள் தோளுயரத்துக்கு இரண்டு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் நீளமான கல்லொன்றைக் குறுக்கே கிடத்தியிருப்பதைப் பார்த்திருப்பார்கள். சுமைதாங்கி என்பது அதன் பெயர். வயிற்றில் சிசுவோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவள் இறக்கிவைக்காமலே போன சுமைக்கு ஈடாக வழிப்போக்கர்களின் சுமையாவது இறங்கட்டும் என்று உற்றார் நட்டுவைத்த தர்மம் அது. தலையில் மூட்டையோடு தனியே நடப்பவனுக்கு, கூட ஒருவர் இருந்து கைகொடுத்தாலன்றி, மூட்டையை இறக்கவும் இயலாது. இறக்கியதை மறுபடி ஏற்றவும் இயலாது. அந்தக் கை இல்லாதவனுக்குக் கல் கைகொடுத்தது. தனிவழி போகிறவனுடைய கஷ்டம் இன்னதென்று நுட்பமாக அறிந்தவர்கள்தாம் இப்படியொன்றை நினைத்திருக்க முடியும் என்று அதைக் காணும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

இன்று சுமை தலையிலிருந்து முதுகுக்கு வந்துவிட்டது. இரு தோள்களிலும் இடுப்பிலும் வார்களை மாட்டிக்கொண்டு, இரண்டு செட் துணியும் ஒரு கம்பளிச் சட்டையும் தண்ணீர் பாட்டிலும் அடங்கிய பையோடு, நண்பர்களின் விடுமுறைக்காகக் காத்திராமல் தனியே புறப்பட்டுவிடும் வாலிபர்களும் பெண்களும் நம்மிடையே பெருகிவருகிறார்கள். அந்தப் பையை ஏற்றவோ இறக்கவோ எவருடைய கையும் வேண்டியதில்லை. ஆயினும், நான் தனியாகத் திரிந்து வந்தவன் என்று கேள்விப்பட்டு விசாரிக்க வருகிறவர்கள், ரயில் எது, செலவு எவ்வளவு, குளிருக்கு என்ன எடுத்துப்போக வேண்டும் என்பவற்றையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகு, எழுந்து போகும் தறுவாயில், சற்றே குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தனியா இருக்கிறப்ப பயமா இருக்காதா சார்?"

இருக்கும். ஆனால் அந்த ஒரு சொல்லோடு பதிலை முடித்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. ஏனெனில் அந்தக் கேள்வியில் இரண்டு வெவ்வேறு துன்பங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. பயம் ஒன்று, தனிமை மற்றொன்று. பயம், புறப்படுவதற்கு முன்பும் புது ஊரின் முதல் இரவிலும் வருகிறது. தனிமையோ, பயமெல்லாம் தெளிந்து, ஊர் பழகி, பாதை பழகி, ஐந்தாறு நாள் கழிந்த பிற்பாடு, பெரும்பாலும் விளக்கு வைக்கும் நேரத்தில், சில சமயம் மிக அழகானதொரு காட்சியின் எதிரிலேயே வந்து நெஞ்சை அடைக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறியாமையால் பிரயாணிகள் செய்யும் தவறுகளை நான் கண்டிருக்கிறேன், செய்தும் இருக்கிறேன். பயத்தால் கலங்குகிறவன், தான் துணையில்லாமல் வாடுவதாக எண்ணிக்கொண்டு, பேருந்து நிலையத்தில் முதலில் பேச்சுக்கொடுக்கும் அந்நியனையே பற்றிக்கொண்டு அவன் காட்டும் விடுதிக்கு அவன் பின்னால் போகிறான். தனிமையால் வாடுகிறவனோ, இந்த ஊரில் ஏதோ அபாயம் இருக்கிறது, அதனால்தான் மனம் இப்படிச் சஞ்சலப்படுகிறது என்று முடிவுகட்டி, தனக்கு ஒரு தீங்கும் செய்யாத நல்ல ஊரை விட்டு மறுநாள் காலை வண்டியில் திரும்பிவிடுகிறான். முன்னவனுக்கு வேண்டியிருந்தது தகவல். பின்னவனுக்கு வேண்டியிருந்தது மனிதர்.

பயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். "தெரியாத ஊர், தெரியாத பாஷை, ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்களே, அந்த 'ஏதாவது' என்ற சொல்லில்தான் அது குடியிருக்கிறது. உருவமில்லாத ஒன்றை எதிர்த்து எவனும் ஆயத்தம் செய்ய முடியாது. திருட்டா, காய்ச்சலா, வழிதவறுதலா, கடைசிப் பேருந்தைத் தவறவிடுவதா என்று பிரித்துக் கேட்கத் தொடங்கியதும், ஒவ்வொன்றுக்கும் ஓர் உபாயம் புலப்படுகிறது. உபாயமில்லாத ஒன்றிரண்டுதான் மிஞ்சுகின்றன. அவை வீட்டிலிருந்தாலும் வரக்கூடியவை. நம் முன்னோர் இந்த முறையை நன்றாக அறிந்திருந்தார்கள். பத்துப்பாட்டில் சரிபாதியான ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை என்னும் வகையைச் சேர்ந்தவை. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன், இனிமேல் போகவிருக்கும் கலைஞனுக்கு வழி சொல்வது அவற்றின் பொதுவான அமைப்பு. அவற்றுள் கூத்தராற்றுப்படை என்று பெயர் பெற்ற மலைபடுகடாம், செங்கத்தை ஒட்டிய நன்னனுடைய மலைநாட்டுக்கு வழி சொல்லும்போது, வள்ளலின் பெருமையை மட்டும் பாடி அனுப்பிவிடவில்லை. காட்டுப்பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் இருக்கின்றன, ஆகவே இருட்டில் போகாமல் விடிந்தபின் போங்கள். குழிகளில் பாம்பு உறையும். தினைப்புனம் காப்பவர் விலங்குகளை விரட்ட எறியும் கவண்கல் தவறி உங்கள்மீது படலாம், மரத்தை மறைவாகக் கொள்ளுங்கள். நீரோரத்துப் பாசி வழுக்கும் என்று, அபாயங்களை இடமும் காலமும் குறித்து அது வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறது. இவ்வளவையும் கேட்ட கூத்தன் போகாமல் நின்றிருப்பானா? முன்னைவிட நிதானமாகப் புறப்பட்டிருப்பான் என்றே நான் கருதுகிறேன்.

ஆகையால், போகும் ஊருக்குச் சென்று திரும்பிய ஒருவரைத் தேடிப்பிடித்து, பார்க்க வேண்டிய இடங்களைக் கேட்பதற்கு முன், பட்ட கஷ்டங்களைக் கேட்டுக்கொள்வது நல்லது. புது ஊரில் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரும்படி வண்டியைத் தேர்ந்தெடுப்பதும், பிரயாணம் முழுவதற்கும் முன்பதிவு செய்யாவிட்டாலும் முதல் இரவுக்கு மட்டுமாவது படுக்கும் இடத்தை உறுதிசெய்துகொள்வதும், எந்த நாளில் எந்த ஊர் என்று எழுதிய தாளொன்றை வீட்டில் கொடுத்துவிட்டு வருவதும், பணத்தை இரண்டு மூன்று இடங்களில் பிரித்துவைப்பதும், நாடெங்கும் அவசர உதவிக்கு 112, ரயிலில் 139, பெண்களின் உதவிக்கு 181 என்ற எண்களைத் தொலைபேசியில் மட்டுமன்றி ஞாபகத்திலும் வைத்திருப்பதும் சின்ன விஷயங்கள்தாம். இருந்தும் பயத்தின் பெரும்பகுதி இவற்றிலேயே கரைந்துபோவதைக் கண்டிருக்கிறேன்.

முதல் இரவு என்றேன். பையைக் கீழே வைத்து, கதவைத் தாழிட்டு, உடம்பு அலுத்துப் படுத்த பிறகும் தூக்கம் வராமல், மாடிப்படியில் கேட்கும் ஒவ்வொரு காலடிக்கும் கண் திறந்துகொள்ளும் அந்த இரவைத் தன்னுடைய கோழைத்தனத்துக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டு வெட்கப்படுகிறவர்கள் அநேகர். அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2016-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி அவர்களுக்கு ஆறுதலளிக்கும். பழக்கமில்லாத இடத்தில் முதல் இரவு தூங்கும்போது மூளையின் இரு பாதிகளும் சமமாகத் தூங்குவதில்லை. இடப்பாதி ஆழ்ந்த நித்திரைக்குப் போகாமல், புதிய ஒலிகளைக் கவனித்தவாறு அரைவிழிப்பில் இருக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். பின்னொரு நாள் அதே இடத்தில் படுத்தபோது அந்த வித்தியாசம் காணப்படவில்லை. ஓநாயும் புலியும் திரிந்த காலத்திலிருந்து சரீரம் நமக்காக வைத்திருக்கும் காவற்காரன் அவன் என்று எனக்குத் தோன்றுகிறது. அவனோடு சண்டையிட்டுப் பயனில்லை. ஒரே ஊரில் ஓரிரவுக்கு மேல் தங்குவதும், மறுநாள் தொடங்க வேண்டிய கடினமான நடையை ஒரு நாள் தள்ளிப்போடுவதுமே தக்க வழி. ஒவ்வொரு இரவும் வேறு ஊர் என்று திட்டமிடுகிறவன் பிரயாணம் நெடுகிலும் அரைத்தூக்கமே தூங்குகிறான். அரைத்தூக்கத்துக்குப் பிறந்த பயங்களைப் பகலிலும் சுமக்கிறான்.

தனியாகப் படகோட்டி உலகை முதன்முதல் சுற்றிவந்தவர் ஜோசுவா ஸ்லோக்கம். 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து, சுமார் 37 அடி நீளமுள்ள 'ஸ்பிரே' என்ற பாய்க்கப்பலில் புறப்பட்டு, 1898 ஜூனில், 46,000 மைல் கடந்து திரும்பிய அந்த மாலுமி, தென்னமெரிக்காவின் கோடியிலுள்ள மகெல்லன் ஜலசந்தியில் நங்கூரமிட்டபோது, தான் தூங்கும் சமயம் எவரேனும் படகில் ஏறித் தாக்கக்கூடும் என்று அஞ்சினார். காவலுக்கு வேறு ஆள் இல்லை; தூங்காமலும் இருக்க முடியாது. கம்பளம் அடிக்கும் சிற்றாணிகளைப் படகின் தளமெங்கும் முனை மேலாகப் பரப்பிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். நள்ளிரவில் ஏறியவர்கள் ஆணி மிதித்து அலறிக் கடலில் குதித்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். பயமே அறியாத வீரர் என்று அவரைப் புகழ்வது எனக்கு உவப்பாக இல்லை. பயந்தார், பயந்த விஷயம் இன்னதென்று தெரிந்துகொண்டார், அதற்கு வேண்டியதைச் செய்துவிட்டுத் தூங்கினார். விடுதி அறையில் கதவின் அடியில் சிறு மர ஆப்பு ஒன்றைச் செருகிவிட்டுப் படுக்கும் வழக்கம் எனக்கு அவரைப் படித்த பிறகுதான் வந்தது. அதன் எடை ஐம்பது கிராம்கூட இராது.

அறிவு பயத்தைத் தணிக்கும் என்று பொதுவாகச் சொன்னால் உபதேசம்போல ஒலிக்கும். எனக்கு அது சந்தேகமறப் புலப்பட்டது இமாசலப் பிரதேசத்தின் ஸ்பீதிப் பள்ளத்தாக்கில். சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாக, சட்லெஜ் நதியையும் பின்பு ஸ்பீதி நதியையும் ஒட்டிச் செல்லும் மலைச்சாலையில் அரசுப் பேருந்துகளில் படிப்படியாக ஏறி, கி.பி. 996-இல் நிறுவப்பட்டதும் மண்சுவர்களுக்குள்ளே சித்திரங்கள் நிறைந்ததுமான தாபோ மடாலயத்தில் இரண்டு நாள் தங்கி, அப்பால் 3,600 மீட்டருக்கு மேலுள்ள காஸா என்ற சிற்றூரை அடைந்தேன். தமிழ்நாட்டில் நமக்கு உச்சியாகிய தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த உயரம் விளங்கும். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவே. அன்று இரவு, தூங்கத் தொடங்கிய சற்றைக்கெல்லாம், யாரோ கழுத்தை அழுத்தியதுபோல் மூச்சுத் திணறி, நெஞ்சு படபடக்க எழுந்து உட்கார்ந்தேன். அறையில் யாரும் இல்லை. மறுபடி படுத்தேன், மறுபடி அப்படியே. இந்த இடத்தில், என் பாஷை தெரிந்த ஒரு ஜீவன்கூட இல்லாத இந்த இருட்டில், நான் செத்துப்போவேன் என்ற எண்ணம் மூன்றாம் முறை எழுந்தபோது நிச்சயமாகவே வந்துவிட்டது.

வெளித்திண்ணையில் விளக்கோடு உட்கார்ந்திருந்த விடுதிக்காரர், என் முகத்தைப் பார்த்ததும், கேள்வி ஏதும் கேட்காமல், தம்முடைய மூச்சை இழுத்து, நிறுத்தி, பிறகு திடுக்கிட்டு விடுவதுபோல் அபிநயித்துக் காட்டினார். "எல்லாருக்கும் வரும், இரண்டு மூன்று ராத்திரி" என்று அவர் இந்தியில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் என் மரணபயம் பாதிக்கு மேல் இறங்கிற்று. ஊர் திரும்பிய பின் அதன் காரணத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன். பிராணவாயு குறைவதால் நாம் அறியாமலே வேகமாகச் சுவாசிக்கிறோம். அதனால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்துவிடுகிறது. சுவாசத்தைத் தூண்டும் அந்த வாயு குறைந்ததும் மூளை சற்று நேரம் மூச்சை நிறுத்திவைக்கிறது. நிறுத்தியதால் பிராணவாயு மேலும் குறைய, உடம்பு திடுக்கிட்டு விழித்துப் பெருமூச்சு வாங்குகிறது. உயரமான இடங்களில் பெரும்பாலோருக்கு இரவில் நேரும் இது, அதனளவில் அபாயமன்று. நடக்கும்போது தள்ளாடுவதும், புத்தி தடுமாறுவதும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும்தாம் அபாயக் குறிகள். அவை தென்பட்டால் இரவென்றும் பகலென்றும் பாராமல் உடனே கீழே இறங்கிவிட வேண்டும். 3,000 மீட்டருக்கு மேலே போனபின், படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்று மலையேற்ற மருத்துவர்கள் விதி வகுத்திருக்கிறார்கள். இந்தச் சில வாக்கியங்களைப் புறப்படுமுன் நான் படித்திருந்தால், அந்த இரவு எனக்கு வெறும் தூக்கம் கெட்ட இரவாகவே கழிந்திருக்கும்.

தனிவழிப் பயத்தைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகிறவர் யுவான் சுவாங். காஞ்சிபுரம்வரை வந்துபோன அந்தச் சீனத் துறவியை நாம் பாடப்புத்தகத்தில் குடையும் சுவடிச்சுமையுமாகப் படமாய்ப் பார்த்ததோடு விட்டுவிட்டோம். முதுகில் சுமையோடு தனியே போன பிரயாணி என்று நினைத்துப் பார்ப்பதில்லை. கி.பி. 629 வாக்கில், எல்லை தாண்டக் கூடாது என்ற அரசாணையை மீறி மேற்கே புறப்பட்ட அவரை, வழிகாட்டியாக வந்தவன் இரவில் கத்தியோடு நெருங்கினான். பின்பு பயந்து விட்டுவிட்டுப் போனான். கோபிப் பாலைவனத்தின் விளிம்பில், எலும்புகளையும் குதிரைச் சாணத்தையும் அடையாளமாக வைத்துக்கொண்டு அவர் தனியே நடந்தார். மணலில் சேனைகள் வருவதும் மறைவதும்போன்ற பிரமைகள் கண்ணுக்குத் தோன்றின. தண்ணீர்த் தோற்பை கை நழுவி விழுந்து, இருந்த நீரெல்லாம் கொட்டிப்போயிற்று. திரும்பிவிடுவதென்று கிழக்கு நோக்கிப் பத்து லீ தூரம், அதாவது ஏறக்குறைய ஒரு மணி நேர நடை, நடந்தும்விட்டார். பிறகு தம் சங்கற்பத்தை நினைத்து மறுபடியும் மேற்கே திரும்பினார். நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு துளி நீரில்லை. அவலோகிதேசுவர போதிசத்துவரை மனத்துக்குள் தியானித்துக்கொண்டே மணலில் கிடந்தார் என்று அவருடைய சீடர் எழுதிய சரித்திரம் கூறுகிறது. ஐந்தாம் இரவில் குளிர்ந்த காற்று வீசியது; எழுந்து நடந்தபோது, அவருடைய குதிரை சொன்ன சொல் கேளாமல் வேறு திசையில் திரும்பி, புல்லும் குளமும் இருந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்திற்று.

இந்தக் கதையை மனவுறுதிக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். மனவுறுதியை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குதிரையைச் சற்றுப் பாருங்கள். அது கிழட்டுக் குதிரை, மெலிந்தது. புறப்படுமுன், அந்தப் பாலைவழியில் பழகிய முதியவர் ஒருவர் அவரைச் சந்தித்து, பாதையின் பயங்கரங்களையெல்லாம் எடுத்துச் சொல்லித் தடுத்துப் பார்த்து, அவர் கேளாமற்போகவே, பதினைந்து தடவை அவ்வழியே போய்வந்த தம் குதிரையை எடுத்துக்கொள்ளும்படி சொன்னார். அழகிய இளங்குதிரையைக் கொடுத்துவிட்டு அந்தக் கிழட்டுக் குதிரையை அவர் வாங்கிக்கொண்டார். தன்னந்தனியே போனார் என்று நாம் வியக்கும் அந்த மனிதரோடு, வழியறிந்த ஒருவருடைய வார்த்தையும் வழியறிந்த ஒரு பிராணியும் கூடவே போயின.

பெண்கள் விஷயத்தில் நான் இதுவரை சொன்னவை போதமாட்டா. ஆணுக்கு வரும் பயத்தில் பாதி கற்பனை. தனியே போகும் பெண்ணுக்கு வரும் பயமோ, சமூகம் தினந்தோறும் மெய்ப்பித்துக் காட்டுவது. அதைக் கோழைத்தனம் என்று பரிகசிப்பவர்கள் அநியாயம் செய்கிறார்கள். தனியாகத்தான் வந்திருக்கிறாயா என்று கேட்பவனிடம் உண்மை சொல்ல வேண்டிய கடமை எந்தப் பெண்ணுக்கும் இல்லை. அண்ணன் ஸ்டேஷனில் காத்திருக்கிறான் என்று சொல்வதில் பாவமும் இல்லை. என் குடும்பத்துப் பெண்ணொருத்தி வடக்கே தனியாகச் சென்றபோது, நள்ளிரவில் கதவைத் தட்டி, அடையாள அட்டை பார்க்க வேண்டும் என்ற விடுதி ஊழியனுக்குக் கதவைத் திறந்துவிட்டாள். நல்லவேளையாக வேறொரு குடும்பம் மாடியேறி வந்ததால் விபரீதம் நேரவில்லை. "ஏன்மா திறந்தே?" என்றதற்கு, "திறக்காட்டி மரியாதை இல்லைன்னு நினைச்சுக்குவாங்களோன்னு..." என்று அவள் சொன்னது என் மனத்தை இன்றும் அறுக்கிறது. பெண் குழந்தைகளுக்கு நாம் புகட்டிவைத்திருக்கும் இந்த மரியாதைதான் வழியில் அவர்களுக்கு முதல் சத்துரு. மனத்துக்கு ஒவ்வாத இடத்திலிருந்து, காரணம் சொல்லாமல், விடைபெறாமல், கொடுத்த முன்பணத்தையும் பொருட்படுத்தாமல் எழுந்து வந்துவிடும் பழக்கத்தை, பையில் துணி அடுக்கச் சொல்லித் தருவதற்கு முன்பே தாய்தந்தையர் சொல்லித் தர வேண்டும்.

இனி, தனிமை.

தமிழில் இச்சொல் இரண்டு நிலைகளுக்கும் பொதுவாய் இருக்கிறது. வேண்டி அடைந்த ஒதுக்கமும் தனிமை. வேண்டாமல் வந்து சேர்ந்த வெறுமையும் தனிமை. முன்னதற்கு ஏகாந்தம் என்று பெரியோர் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். ஏகாந்தத்தை நாடிப் புறப்பட்டவனுக்கு அது கிடைக்கும் இடத்திலேயே தனிமையும் கிடைத்துவிடுவதுதான் சங்கடம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் ஜான் கசியோப்போ இந்த வேதனையைப் பசியோடும் தாகத்தோடும் ஒப்பிட்டார்: உடம்புக்கு உணவு வேண்டும் என்று பசி தெரிவிப்பதுபோல, மனிதனுக்கு மனிதன் வேண்டும் என்று தெரிவிக்கும் ஒரு குறிப்பு அது என்பது அவர் கருத்து. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், நாற்பது பேரை ஒரு நாள் பத்து மணி நேரம் பேச்சுத்துணையும் தொலைபேசியும் இன்றி அறையில் இருத்தி, மற்றொரு நாள் அதே அளவு நேரம் உணவின்றி இருத்தி, மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். பசித்தவனுக்கு உணவின் படத்தைக் கண்டதும் கிளரும் அதே நடுமூளைப் பகுதி, தனித்திருந்தவனுக்கு மனிதர் கூடியிருக்கும் படத்தைக் கண்டதும் கிளர்ந்தது என்று 2020-இல் வெளியிட்டார்கள். பசியெடுத்ததற்காக வெட்கப்படுகிறவர் எவருமில்லை. தனிமை வந்ததே, நான் தனிப்பிரயாணத்துக்குத் தகுதியற்றவனோ என்று குமைகிறவர்களோ பலர்.

ஸ்லோக்கமும் இந்த வேதனையைப் பட்டிருக்கிறார். கரை கண்ணுக்கு மறைந்து, மூடுபனி சூழ்ந்த முதல் நாட்களில் தனிமை தம்மை அழுத்தியதாக அவர் எழுதுகிறார். பேச்சு மறந்துபோய்விடுமோ என்று, இல்லாத மாலுமிகளுக்கு உரத்த குரலில் உத்தரவுகள் இட்டுப் பார்த்தார். வெறும் காற்றில் தம் குரல் பொள்ளலாக ஒலிக்கவே அதை விட்டுவிட்டுப் பாடத் தொடங்கினார். இன்றைய பிரயாணி செய்வது வேறு. மாலையில் மனம் கனத்ததும் தொலைபேசியை எடுத்து, ஊரில் நடந்த கல்யாணத்தின் படங்களையும் நண்பர்கள் கூடிய விருந்தின் படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறான். பசித்தவன் பலகாரக் கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதுபோன்றது அது. பார்க்கப் பார்க்கப் பசி கூடும். வீட்டோடு பேசுவதற்கு ஒரு நேரம் குறித்துக்கொண்டு, பேசவேண்டியதை வாய்நிறையப் பேசிவிட்டு, மீதி நேரம் தொலைபேசியைப் பைக்குள் வைத்திருப்பதே உசிதம் என்று நான் அனுபவத்தில் கண்டேன்.

காஸாவுக்கு மேலே, 4,400 மீட்டர் உயரத்தில், லாங்ஸா என்ற கிராமம் இருக்கிறது. மரமென்பதே இல்லாத பழுப்பு மலைகள். அவற்றின் மடியில் பச்சைப் பட்டாணி வயல்கள். ஊருக்கு மேலே பள்ளத்தாக்கை நோக்கி அமர்ந்திருக்கும் பெரிய புத்தர் சிலை. ஒரு வீட்டின் அறையில் வாடகைக்குத் தங்கியிருந்தேன். மூச்சு பழகிவிட்டது, பயம் சிறிதுமில்லை. சாயங்காலம் பனிச்சிகரத்தின்மீது வெயில் பொன்னாகி, செம்மையாகி, சாம்பல் நிறமாகி அணைந்ததைச் சிலையடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு, 'பார், பார்' என்று சொல்ல ஓர் ஆள் இல்லையே என்று தோன்றியதும் கண்ணீர் வந்துவிட்டது. அறைக்குத் திரும்பியவன், மறுநாளே இறங்கிவிடுவதென்று பையைக் கட்டலானேன்.

வீட்டுக்காரி கதவோரம் வந்து நின்று, "கானா காயா?" என்று கேட்டாள்; சாப்பிட்டாயா என்று அர்த்தம். வேண்டாம் என்று தலையசைத்தேன். அவள் அதைக் காதில் வாங்காமல், அடுப்படிக்கு வரும்படி கையால் காட்டி, அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் சற்று நகரச் சொல்லி, என் முன்னே ஒரு கூடைப் பட்டாணிக் காயைக் கொட்டினாள். உரிக்க வேண்டுமாம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் உரித்தோம். எனக்குத் தெரிந்த இந்தி அரைகுறை. கிழவிக்கு அதுவும் இல்லை. திபெத்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த அவர்கள் பேச்சில் தாய்க்கு 'அமா' என்று பெயர். நாங்கள் 'அம்மா' என்போம் என்று நான் சொன்னதும், கிழவி அதைத் தன் வாயால் இரண்டு முறை சொல்லிப் பார்த்துப் பல்லில்லாத வாயால் சிரித்தாள். பிறகு துக்பா என்ற சூடான சேமியாக் கஞ்சி வந்தது. அவ்வளவுதான் நடந்தது. பையைப் பிரித்துத் துணியை மறுபடி ஆணியில் மாட்டினேன். மேலும் நான்கு நாள் அந்த ஊரில் இருந்தேன்.

தனிமைக்குச் சம்பாஷணைதான் மருந்து என்று எண்ணி, அதற்கு வேண்டிய பாஷையும் சாமர்த்தியமும் தமக்கு இல்லையே என்று ஏங்குகிற கூச்ச சுபாவக்காரர்களுக்கு இதைச் சொல்லத்தான் இவ்வளவு விவரித்தேன். பேச்சைவிடக் கைவேலை உத்தமம். விடுதிச் சமையலறையில் வெங்காயம் அரிவதும், ஒரே தேநீர்க்கடைக்குக் காலையும் மாலையும் போவதும், சீக்கியரின் குருத்துவாராவில் உண்டவர்கள் பாத்திரம் கழுவும் இடத்தில் போய் நிற்பதும், எந்த மொழியும் தெரியாதவனைக்கூட அரை மணியில் அந்த இடத்து மனிதனாக்கிவிடுகின்றன. இவற்றுக்கெல்லாம் ஓரிடத்தில் சில நாள் தங்குவது அவசியம். தினம் ஓர் ஊர் மாறுகிறவனை எவரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் மனிதர் முகம் மலர்கிறது.

எல்லாம் செய்தும் மனம் தேறாவிட்டால்? திரும்பிவிடலாம். இரண்டு இரவு நன்றாகத் தூங்கி, இரண்டு வேளை வயிறாரச் சாப்பிட்டு, அதன் பிறகும் வீடே வேண்டும் என்று மனம் சொல்லுமானால் அது மெய்யான சொல். களைப்பிலும் பட்டினியிலும் எடுத்த முடிவாக மட்டும் அது இருக்கக் கூடாது. பாதியில் திரும்பியவர்களை எள்ளி நகையாடுவோரால்தான், திரும்ப வேண்டிய சிலர் திரும்பாமல் மலையில் உயிரை விடுகிறார்கள்.

லாங்ஸாவை அடுத்த ஹிக்கிம் என்ற கிராமத்தில், 4,400 மீட்டர் உயரத்தில், 1983 முதல் ஓர் அஞ்சல் நிலையம் நடக்கிறது. உலகின் மிக உயரமான அஞ்சல் நிலையங்களுள் ஒன்று என்பதால் அங்கு வருகிறவர்கள் எல்லோரும் அஞ்சலட்டை வாங்கி எழுதுகிறார்கள். நானும் சுவரோரம் உட்கார்ந்து, முதல் நாள் மாலை சிகரத்தின்மேல் வெயில் மாறிய விதத்தை என் அக்காளுக்கு எழுதினேன். பார் பார் என்று சொல்ல ஆளில்லாமல் அழுதேனே, அதை அப்போது சொல்லியாயிற்று. அட்டை ஊர் வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. நான் அதற்கு முன்பே வந்துவிட்டேன். அக்காள் அதை இன்னும் சுவாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

வேலூரை அடுத்த விரிஞ்சிபுரத்தில் இறைவனுக்கு வழித்துணைநாதர் என்றும் மார்க்கபந்தீசுவரர் என்றும் பெயர். தனிவழி போகும் வணிகனுக்கு அவரே காவலாய் உடன் வந்தார் என்பது அத்தலத்துக் கதை. அப்படி ஒரு பெயரைச் சூட்டி வணங்கியவர்களின் சந்ததியார் நாம். இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் பையைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போகப்போவதில்லை என்பதை அறிவேன். ஆனால் உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில், கோயில் வாசலில், கடற்கரையில், முதுகில் பையோடும் முகத்தில் அலுப்போடும், பாஷை தெரியாத யாரோ ஒருவர் என்றைக்காவது வந்து நின்று வழி கேட்பார். வழியைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, சாப்பிட்டாயிற்றா என்றும் கேளுங்கள்.